அசேலியா பூச்சி அரங்கு: சைத்தரிடம் தோற்காமல் பேட்ஜ் எடுக்கும் வழி

போக்கிமொன் என்பது அதே பெயருடைய உயிரினங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் விளையாட்டு. ஒவ்வொரு அரங்கிலும் அதன் தலைவரை வென்றால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். போக்கிமொன் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் விளையாட்டுகளில் இரண்டாவது அரங்கு அசேலியா என்ற சிறிய ஊரில் இருக்கிறது. தலைவர் பெயர் பக்ஸி. அவரிடம் இருப்பது மூன்றே பூச்சிகள்: சைத்தர் லெவல் 17, ககூனா லெவல் 15, மெட்டபொட் லெவல் 15. பின்னிரண்டும் கூட்டுப்புழுக்கள். பெரிதாக எதுவும் செய்யத் தெரியாதவை. புதியவர்களைத் திரும்பத் திரும்பத் தோற்கடிப்பது சைத்தர் ஒன்றுதான். நம் வயல்வரம்பில் முன்னங்காலை மடித்துக்கொண்டு நிற்கும் கும்பிடுபூச்சியை ஆளுயரத்துக்கு வளர்த்து, இரண்டு கையிலும் அரிவாளைக் கொடுத்தால் எப்படியோ, அதுதான் சைத்தர்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பூச்சியைச் சுற்றியே போகும். அரங்கின் வாசலில் நின்று யோசிப்பதில் பயனில்லை. வேண்டிய ஆயத்தம் அனைத்தும் வழியிலேயே, முதல் அரங்கு உள்ள வயலெட் சிட்டிக்கும் அசேலியாவுக்கும் இடையில் கிடைக்கிறது. அதைத் தவறவிட்டு வருபவர்கள்தான் திணறுகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை

இவை 2009இல் ஜப்பானிலும் 2010இல் மற்ற நாடுகளிலும் வெளிவந்த நின்டெண்டோ டி.எஸ். விளையாட்டுகள். டி.எஸ்., டி.எஸ். லைட், டி.எஸ்.ஐ., 3டி.எஸ்., 2டி.எஸ். எல்லாவற்றிலும் ஓடும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இன்று வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் பாவித்த கருவியும் பாவித்த காட்ரிஜும்தான் கிடைக்கும். அதனால் மூன்று விடயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

முதலாவது, காட்ரிஜின் நிறம். இந்த இரண்டு விளையாட்டுகளின் உண்மையான காட்ரிஜ் வழக்கமான சாம்பல் நிறத்தில் இராது. கறுப்பாக இருக்கும், வெளிச்சத்துக்குப் பிடித்தால் மங்கலாக உள்ளே தெரியும். அடிகளை எண்ணும் சிறு கருவியான நடைமானியோடு பேசுவதற்கான அகச்சிவப்புப் பகுதி உள்ளே இருப்பதே காரணம். சாம்பல் நிறத்தில் வருவது போலி. போலியில் பல மணிநேரம் விளையாடியபின் சேமித்தது அழிந்துபோகும் அபாயம் உண்டு.

இரண்டாவது, மொழி. ஜப்பானியக் காட்ரிஜில் ஜப்பானிய மொழி மட்டுமே வரும், உள்ளே போய் மாற்ற முடியாது. தமிழில் இந்த விளையாட்டு இல்லை. ஆங்கிலப் பதிப்பையே தேடுங்கள்.

மூன்றாவது, சார்ஜர். ஜப்பானில் இருந்து வந்த சார்ஜர் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் இருந்து வந்தது 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டது. நம் சுவரில் இருப்பது 230 வோல்ட். பிளக் மாற்றியை மட்டும் போட்டுச் செருகினால் சார்ஜர் எரிந்துவிடும். கருவிக்குப் பொருந்தும் யூ.எஸ்.பி. வயரை வாங்கி, போன் சார்ஜரில் செருகுவதே பாதுகாப்பு.

இன்னொன்று: கடலோரத்திலும் வாவிக் கரையிலும் உப்புக்காற்று காட்ரிஜின் செப்புப் பற்களை மங்கச் செய்யும். விளையாட்டு திறக்கவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் கெடுக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டு மெல்லத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள்.

எது எதை அடிக்கும்

சைத்தர் பூச்சியும் பறத்தலும் சேர்ந்த வகை. கல் வகைத் தாக்குதல் அதன்மேல் நான்கு மடங்காக விழும். நெருப்பு, மின்சாரம், பனி, பறத்தல் ஆகியவை இரண்டு மடங்கு. புல்லும் சண்டை வகையும் கால்வாசிதான். தரை வகை படவே படாது. மெட்டபொட் வெறும் பூச்சி, ககூனா பூச்சியும் நஞ்சும். இரண்டுக்கும் கல், நெருப்பு, பறத்தல் மூன்றும் இரண்டு மடங்கு.

கல் மூன்றையும் தாக்கும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. நெருப்பும் அப்படித்தான். தொடக்கத்தில் தெரிவு செய்யும் மூன்றில் நெருப்பு வகையான சிண்டகுவிலோடு தொடங்கியவர்களுக்கு லெவல் 10இல் எம்பர் என்ற நெருப்புத் தாக்குதல் கிடைக்கும், லெவல் 14இல் அது குவிலாவா ஆகும். பூச்சித் தாக்குதல் அதன்மேல் பாதியாகத்தான் படும். லெவல் 16 குவிலாவா இருந்தால் இந்த அரங்கில் பெரிய தலைவலி இல்லை. நீர் வகையான டோட்டடைல் வைத்திருப்பவர்களுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. புல் வகையான சிக்கரிட்டாவோடு வந்தவர்கள்தான் உண்மையில் கஷ்டப்படுவார்கள்: பூச்சி அதை இரண்டு மடங்கு அடிக்கும், அதன் இலைத் தாக்குதலோ சைத்தரைக் கீறக்கூட மாட்டாது. இப்படிப்பட்டவர்கள் கீழே சொல்லும் துணைகளில் குறைந்தது இரண்டையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வழியில் பிடிக்க வேண்டியவை

வயலெட் சிட்டியில் முதல் பேட்ஜ் எடுத்தவுடன் உங்களுக்கு முதல் போக்கிமொனைத் தந்த பேராசிரியர் எல்மின் உதவியாளர் ஒரு முட்டை தருவார். வாங்காமல் தெற்கே இறங்க முடியாது. முட்டையும் உங்கள் அணியின் ஆறு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

புறப்படுமுன் ஒரு இரவு அதே ஊரின் ஸ்பிரவுட் கோபுரத்துக்குத் திரும்பிப் போங்கள். இரவில் மட்டும் அங்கே காஸ்ட்லி வரும். விளையாட்டு கருவியின் கடிகாரத்தைப் பார்த்தே இரவு பகலைத் தீர்மானிக்கிறது. மட்டக்களப்பில் ஆறரைக்கே இருட்டிவிடும் என்றாலும், விளையாட்டுக்குள் இரவு 8 மணிக்குத்தான் தொடங்கி அதிகாலை 4 மணிவரை போகும். ஏழு மணிக்குப் போய் ரட்டாட்டா மட்டும்தான் வருகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இதற்காகக் கடிகாரத்தைத் திருத்தவும் வேண்டாம், திருத்தினால் நாள்தோறும் நடக்கும் விடயங்கள் தடைப்படும்.

காஸ்ட்லி ஏன்? அது பேயும் நஞ்சும். பூச்சித் தாக்குதல் அதன்மேல் கால்வாசி. சைத்தரின் குவிக் அட்டாக் அதைத் தொடவே தொடாது. பிடிக்கும்போதே எதிரியை உறங்கவைக்கும் ஹிப்னொசிஸ் தெரிந்திருக்கும். லெவல் 15இல் நைட் ஷேட் கற்கும். அதன் சேதம் எப்போதும் காஸ்ட்லியின் லெவலுக்குச் சமம்.

அதே வயலெட் சிட்டியில் ஒரு வீட்டில் பெல்ஸ்பிரவுட் கொடுத்தால் ஒனிக்ஸ் தருவார்கள். மாற்றி வாங்கிய போக்கிமொனுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு ஏறும், விரைவாக வளரும். பாறைப் பாம்பு என்று பார்த்து மயங்காதீர்கள்: தாங்குவதில் அது மலை, அடிப்பதில் மெலிவு. அடிப்படைத் தாக்கு வலு ஒனிக்ஸுக்கு 45, சின்னக் கல்லான ஜியோடூட்டுக்கு 80. இரண்டில் ஒன்றைத்தான் வளர்க்க நேரம் இருக்கிறது என்றால் ஜியோடூட்டை வளருங்கள்.

வயலெட் சிட்டிக்குத் தெற்கே உள்ள 32ஆம் பாதைப் புல்லில் பகலில் மின்சார வகையான மரீப் கிடைக்கும். லெவல் 10இல் தண்டர்ஷொக் என்ற மின் தாக்குதல், 14இல் எதிரியை முடக்கும் தண்டர் வேவ். இந்த இரண்டாவதுதான் நமக்கு முக்கியம், காரணம் பிறகு வரும். அதே பாதையில் ஒருவர் ஸ்லோபோக் வாலைப் பத்து லட்சத்துக்கு விற்க நிற்பார். அவரைக் கடந்து போங்கள்.

அடுத்தது யூனியன் குகை. ஜியோடூட் இங்கேதான். குகைக்குள் மலையேறிகள் பலர் ஜியோடூட், ஒனிக்ஸ் வைத்திருப்பார்கள். அவர்களிடம் மரீப்பை இறக்காதீர்கள், தரை வகைக்கு மின்சாரம் ஏறாது. நீர் அல்லது புல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குகை விருந்து. சிக்கரிட்டாக்காரர்கள் நன்றாக லெவல் ஏற்றிக்கொள்ளும் இடமும் இதுதான்.

ஜியோடூட்டை வளர்க்கும்போது வரும் இரண்டு பொறிகள்

ஒரு போக்கிமொனுக்கு நான்கு மூவுக்குத்தான் இடம்; மூவ் என்பது போரில் அது செய்யக்கூடிய ஒரு செயல். ஜியோடூட்டுக்கு டக்கிள், டிஃபென்ஸ் கேர்ள், மட் ஸ்போர்ட் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே வந்துவிடும். லெவல் 8இல் ரொக் பொலிஷும் சேர்ந்தால் இடம் நிறைந்தது. லெவல் 11இல் கல் வகைத் தாக்குதலான ரொக் துரோ வரும்போது எதையாவது மறக்கட்டுமா என்று விளையாட்டு கேட்கும். அவசரத்தில் பி பொத்தானை அழுத்திக்கொண்டு போனால் ரொக் துரோ கைவிட்டுப் போகும். மறந்த மூவை நினைவூட்டும் ஆள் இருப்பது எட்டாவது அரங்கின் ஊரில். ஆகவே அந்தக் கேள்வி வந்ததும் நின்று வாசியுங்கள், மட் ஸ்போர்ட்டை மறக்கச் செய்யுங்கள். டிஃபென்ஸ் கேர்ளைத் தொட வேண்டாம்.

இரண்டாவது பொறி லெவல் 15இல். மக்னிடியூட் என்ற பூமியதிர்ச்சி மூவ் வரும். பெயரும் அசைவும் கம்பீரமாக இருப்பதால் பலர் அதையே சைத்தர்மேல் போடுகிறார்கள். தரை வகை பறக்கும் சைத்தர்மேல் படாது, ஒரு சுற்று வீண். இந்த அரங்குக்கு அது தேவையில்லை. கற்பிப்பதானால் ரொக் பொலிஷை விடுங்கள்.

எத்தனை லெவல் போதும்? சராசரி ஜியோடூட் லெவல் 14இல் ஒரு ரொக் துரோவில் சைத்தரின் எச்.பி.யில், அதாவது உயிர்ப்புள்ளியில், ஏறக்குறைய முக்கால் பங்கை எடுக்கும். இரண்டாவது கல்லில் விழும். லெவல் 16 ஆனால் ஒரே கல்லில் விழும் வாய்ப்பே உண்டு. 14 குறைந்த அளவு, 16 வசதியான அளவு.

குகையில் பிடித்த சிறிய ஜியோடூட்டை ஏற்ற, அதை வரிசையில் முதலாவதாக வைத்துப் போருக்குள் இறக்கி, உடனே வலிய ஒன்றை மாற்றுங்கள். இறங்கிய இரண்டும் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும். நீரும் புல்லும் ஜியோடூட்டை நான்கு மடங்கு அடிக்கும் என்பதால் காட்டு ஸ்லோபோக், வூப்பர், பெல்ஸ்பிரவுட் முன்னால் அதை நிறுத்தாதீர்கள்.

ஊருக்குள் வந்தபின்

வந்தவுடன் அரங்குக்குப் போக முடியாது. டீம் ரொக்கெட் என்ற குற்றக் கூட்டத்தின் ஆள் வாசலை மறித்து நிற்பார். கேர்ட் என்ற முதியவரின் வீட்டில் பேசுங்கள். ஸ்லோபோக் கிணற்றுக்குள் நடப்பதைக் கேட்டு அவர் கோபத்தோடு ஓடுவார், பின்னால் நீங்களும் இறங்குங்கள். உள்ளே இருப்பவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ரட்டாட்டா, சூபட், கொஃபிங் போன்றவை. ஜியோடூட் இங்கே நல்ல அனுபவம் சேர்க்கும். கிணறு முடிந்தால் அரங்கு திறக்கும்.

ஊரின் மருத்துவ நிலையத்தில் எல்லாரையும் குணப்படுத்துங்கள். கடையில் எச்.பி. ஏற்றும் போஷன் ஐந்து வாங்குங்கள். விளையாட்டுப் பணத்தில் ஒன்று 300, மொத்தம் 1500. ககூனாவின் விஷக் கொட்டுக்கு அன்டிடோட் இரண்டு, ஒன்று 100. பிறகு சேமியுங்கள். பட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டே தொடங்குங்கள், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

அரங்கின் உள்ளே சிலந்தி வலை விரிந்திருக்கும். சிலந்தி வடிவ வண்டியில் ஏறினால் நூல் வழியே அது கொண்டுபோகும். ஆங்காங்கே உள்ள நெம்புகோலை அழுத்தினால் நூலின் திசை மாறும். தவறான நெம்புகோலால் எதுவும் கெடாது, வண்டி வேறு மேடையில் இறக்கும், அவ்வளவுதான். வழியில் நிற்கும் பூச்சி பிடிக்கும் சிறுவர்களையும் இரட்டைச் சிறுமிகளையும் வென்றபின் ஒருமுறை வெளியே வந்து மீண்டும் குணப்படுத்திச் சேமித்துவிட்டுப் பக்ஸியிடம் போங்கள். வென்றவர்கள் மறுபடி மறிக்க மாட்டார்கள். இந்த நடையைச் சோம்பலில் விடுபவர்கள் பாதி எச்.பி.யோடு சைத்தர்முன் நிற்கிறார்கள்.

பக்ஸியோடு மோதும் போது

இந்தப் பதிப்பில் முதலில் இறங்குவதே சைத்தர். அதன் ஆயுதம் யூ-டேர்ன்: அடித்துவிட்டு உடனே பின்வாங்கும், இடத்துக்கு வேறொன்று வரும். சடுகுடுவில் கோட்டைத் தாண்டி வந்து தொட்டுவிட்டுத் தன் பக்கம் ஓடுபவரைப் போல. சைத்தர் வேகமானது, எப்போதும் முந்தும். அதனால் நீங்கள் எறியும் கல் சைத்தர்மேல் விழாது, அதற்குப் பதில் வந்து நிற்கும் கூட்டுப்புழுமேல் விழும்.

இதைப் பார்த்துப் பதறித் தாங்களும் மாறி மாறி ஆட்களை மாற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. மாற்றிய ஒவ்வொரு சுற்றும் பக்ஸிக்கு இலவசம். சரியான முறை இது:

1. ஜியோடூட்டை முதலில் நிறுத்துங்கள். முதல் யூ-டேர்ன் லெவல் 14 ஜியோடூட்டின் எச்.பி.யில் மூன்றில் இரண்டளவு எடுக்கலாம். ஒன்றைத் தாங்கும், இரண்டைத் தாங்காது.

2. கூட்டுப்புழு முன்னால் வந்ததும் அடிக்க அவசரப்படாதீர்கள். அதன் அடி சிறிது. அதுதான் உங்கள் மூச்சு வாங்கும் நேரம். போஷன் கொடுத்து ஜியோடூட்டை நிரப்புங்கள். ஒரு போஷன் 20 எச்.பி. தரும்.

3. அதே கூட்டுப்புழு நிற்கும்போது டிஃபென்ஸ் கேர்ளை இரண்டு தடவை போடுங்கள். பாதுகாப்பு இரண்டு மடங்காகும், அடுத்த யூ-டேர்ன் ஏறத்தாழப் பாதியாகும். இதற்குப்பின் ஜியோடூட்டை மாற்றினால் ஏறியது அத்தனையும் அழிந்துவிடும், ஆகவே மாற்றவேண்டாம்.

4. இப்போது ரொக் துரோ. லெவல் 14இல் ஒரு கூட்டுப்புழுவுக்கு இரண்டு கல் வேண்டும். ரொக் துரோ பத்துக்கு ஒன்று தவறும், அதையும் கணக்கில் வையுங்கள். மொத்தம் 15 தடவை எறியலாம், போதும்.

5. இரண்டு புழுவும் விழுந்தபின் சைத்தருக்கு ஓட இடமில்லை. யூ-டேர்ன் போட்டாலும் அங்கேயே நிற்கும். உங்கள் கல் நான்கு மடங்காக விழுவது இப்போதுதான். அதன் கையில் சிற்றஸ் பெர்ரி இருக்கிறது, பாதிக்குக் கீழே இறங்கினால் கால்வாசி மீளும். எச்.பி. திரும்ப ஏறுவதைக் கண்டு திகைக்க வேண்டாம், அது ஒருமுறைதான்.

காஸ்ட்லியை வைத்திருப்பவர்கள் ஹிப்னொசிஸை இந்த ஐந்தாம் கட்டத்துக்கு வைத்திருங்கள். முன்னதாகப் போட்டால் சைத்தர் ஓடிவிட, உறங்குவது புழுவாகத்தான் இருக்கும். அதிலும் ஐந்தில் மூன்று தடவைதான் பலிக்கும்.

மரீப்பின் தண்டர் வேவ் வேறு விதமாக உதவும். சைத்தர் லியர் அல்லது ஃபோக்கஸ் எனர்ஜி போட்டுக்கொண்டு களத்தில் நிற்கும் சுற்று ஒன்று கிடைத்தால் உடனே போடுங்கள். வேகம் கால்வாசியாகும், பின்வாங்கித் திரும்பினாலும் அந்த முடக்கம் நீங்காது. அதன்பின் மரீப் முந்தும். ஓடுமுன்னே இரண்டு மடங்கு மின்சாரம் விழும்.

ஃபோக்கஸ் எனர்ஜியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அது போட்ட சைத்தரின் அடி உச்ச அடியாகும் வாய்ப்பு ஏறும், உச்ச அடி டிஃபென்ஸ் கேர்ளைக் கணக்கில் எடுக்காது. லெவல் 14 ஜியோடூட் நிரம்பிய எச்.பி.யோடு நின்றாலும் ஒரே உச்ச அடியில் விழலாம். சைத்தர் பின்வாங்கினால் அந்த ஆபத்தும் தீர்ந்தது.

அமைப்புகளில் போர் முறை ஷிஃப்ட் என்றே இருக்கட்டும். ஒரு பூச்சி விழுந்ததும் அடுத்தது எது என்று சொல்லி, மாற்ற விருப்பமா என்று கேட்கும். யூ-டேர்னில் மாறும்போது மட்டும் அந்தக் கேள்வி வராது.

பழைய கோல்ட், சில்வர், கிறிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு

அங்கே சைத்தர் லெவல் 16, புழுக்கள் 14, சைத்தர் கடைசியில்தான் வரும். யூ-டேர்ன் இல்லை, ஃபியூரி கட்டர் உண்டு. முதல் வெட்டு 10 வலுதான். தொடர்ந்து பட்டால் 20, 40, 80, 160 என்று இரட்டிக்கும். நீங்கள் ஆளை மாற்றுவதால் அந்த எண்ணிக்கை அறுபடாது. சைத்தரின் வெட்டு தவறினாலோ அது வேறு மூவ் போட்டாலோதான் அறுபடும். மூன்று சுற்றுக்குள் முடித்துவிடுவதே ஒரே மருந்து. ஜியோடூட் இங்கேயும் லெவல் 11இல் ரொக் துரோ கற்கும். கிறிஸ்டலில் காட்டு மரீப் இல்லை, தேடி நேரத்தை விடாதீர்கள். அந்தக் காட்ரிஜ்களின் உள்ளே சேமிப்பைக் காப்பது ஒரு சிறு பட்டரி. அது செத்தால் சேமித்தது அழியும். பழைய காட்ரிஜ் வாங்கினால் முதலில் சேமித்து, அணைத்து, மறுநாள் திறந்து பாருங்கள்.

வென்றபின்

ஹைவ் பேட்ஜோடு யூ-டேர்னைக் கற்பிக்கும் டி.எம். 89 கிடைக்கும். இந்தப் பதிப்பில் டி.எம். ஒருமுறை பாவித்தால் தீர்ந்தது, கையில் வைத்திருங்கள். மாற்றி வாங்கிய போக்கிமொன்கள் லெவல் 30வரை சொல் கேட்கும். போருக்கு வெளியே கட் மூவைப் பாவிக்கலாம், அந்த மூவ் அடுத்த ஐலெக்ஸ் காட்டில் தொலைந்த ஃபார்ஃபெட்ச்டை மீட்டுக் கொடுத்தால் கிடைக்கும்.

அந்தக் காட்டுக்கு நேரே நடக்காதீர்கள். ஊரின் மேற்கு வாயிலில் உங்கள் போட்டியாளர் காத்திருப்பார். அரங்கில் அடிபட்ட அணியோடு போனால் அங்கே தோற்பீர்கள். முதலில் மருத்துவ நிலையம். கேர்டின் வீட்டையும் எட்டிப் பாருங்கள்: வழியில் மரத்தில் பறித்த ஏப்ரிகோன் காய் இருந்தால் கொடுத்துவிட்டுப் போகலாம், மறுநாள் அது போக்கிமொன் பிடிக்கும் பந்தாகிவிடும்.

சைத்தரைப் பிடித்து வளர்க்கும் ஆசை வந்தால், கோல்டன்ரொட் நகருக்கு வடக்கே உள்ள தேசியப் பூங்காவில் செவ்வாய், வியாழன், சனி நாட்களில் பூச்சி பிடிக்கும் போட்டி நடக்கும். ஒரே ஒரு போக்கிமொனோடுதான் உள்ளே விடுவார்கள், 20 பந்து தருவார்கள். அந்த ஒன்றாக ஜியோடூட்டைக் கொண்டுபோனால் ரொக் துரோ போடாதீர்கள், சைத்தர் பந்துக்குமுன்னே மயங்கிவிடும். டக்கிள் போதும்.